மண்சரிவுக்கு இந்தப் பக்கம்

விக்னராஜா சவரம் செய்துகொண்டிருந்தான். அவசரமில்லாத சவரம்.

ரஞ்சினி கட்டில் விளிம்பில் இருந்தாள். பெட்டிகள் மூன்றும் கதவடியில் தயாராக நின்றன. குளியலறைக்குள் தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"என்னப்பா, இன்னும் முடியேல்லையே?"

"வாறன், வாறன். மலை எங்கயும் ஓடாது."

மலை ஓடாது. விமானம் ஓடிவிடும்.

நாளைக் காலை கொஸ்தா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில் ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை மெல்பேணில் பரீட்சை. வெளிநாட்டில் படித்துவந்த மருந்தாளர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை மட்டும் வைக்கிற பரீட்சை. கொழும்பில் மருந்தாளராக இருந்த ரஞ்சினி, மெல்பேணுக்கு வந்த நாளிலிருந்து பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறாள். விக்னராஜாவின் என்ஜினியர் பட்டத்தை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அவளுடையதை ஏற்கவில்லை.

பாஸ் பண்ணினால் ஸ்பிரிங்வேல் பார்மசியில் ஒரு வருஷப் பயிற்சி. கடைக்கார ஹங்கேரிக் கிழவர் அவளுக்காக இடம் வைத்திருக்கிறார். ஸ்பிரிங்வேல் மெல்பேணில் இருக்கிறது.

விக்னராஜாவுக்குக் கிடைத்திருக்கும் புது வேலை சிட்னியில் இருக்கிறது.

அதை அவன் போன வியாழக்கிழமைதான் சொன்னான். கடற்கரையில், இளநீர் குடித்துக்கொண்டு. பெரிய பதவி, ஒக்டோபரில் தொடக்கம், ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு பார்க்கலாம் என்றான். "என்ர பரீட்சை?" என்று கேட்டாள். "அதையும் யோசிப்பம்," என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை. குரங்கு பார்த்தார்கள். வாழைத்தோட்டம் பார்த்தார்கள். ஒரு எரிமலையைப் பார்க்கப் போய் முகிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்க வேண்டிய விடுமுறை இது. போன வருஷக் கலவரத்துக்குப் பிறகு, இப்போதைக்கு வரவேண்டாம் என்று வீட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சான் ஹோசேயில் வேலை செய்யும் சிறிதரன் கூப்பிட்டான். விக்னராஜாவோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். "வா மச்சான், என்ர காரைத் தாறன், கொஸ்தா ரிக்கா முழுக்க ஓடிப் பார்," என்றான்.

ஓடிப் பார்த்தாயிற்று. இன்று திரும்பவேண்டும். இந்தச் சிறு நகரத்துக்கும் சான் ஹோசேக்கும் நடுவில் ஒரு பெரிய மலை.

விக்னராஜா துவாயால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தான். ரஞ்சினி மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏழரை தாண்டியிருந்தது. திங்கட்கிழமை.

"இனி ஒன்பது மட்டும் வெளிக்கிடேலாது," என்றாள்.

"ஏன்?"

"ராகுகாலம்."

வாசுகி வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த ஊர் ஏழரை, அம்மா? ராகு கொலம்போ டைமிலயா இருக்கிறார், மெல்பேண் டைமிலயா?"

"சூரியன் எங்க நிக்குதோ அங்கத்தை நேரம்."

"அப்ப பாவம், அவருக்கு நாள் முழுக்க வேலை."

"வாயை மூடு."

ரஞ்சினி எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறவள் அல்ல. போன வருஷம் இதே பரீட்சைக்கு ஒன்றும் பார்க்காமல்தான் வெளிக்கிட்டாள். பாதி வழியில் வாசுகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். குடல்வால் அழற்சி. பரீட்சை நடந்த நேரம் ரஞ்சினி ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இந்தமுறை ஒரு குறையும் விடக்கூடாது.

விக்னராஜா ராகுகாலத்தைக் கேட்டால் சிரிப்பான். அணை கட்டுகிறவனுக்கு ராகு தெரியாது, மழைதான் தெரியும் என்பான். இன்று சிரிக்கவில்லை.

"ஓம், அதுவும் சரிதான்," என்றான். "ஆறுதலாச் சாப்பிட்டிட்டுப் போவம்."

அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், விடுதிக்காரி நின்றாள். கொஞ்ச நேரத்தில் விக்னராஜாவும் வாசுகியும் அவளோடு நிற்பதை ரஞ்சினி கண்டாள். விடுதிக்காரி மலையைக் கைகாட்டிக் கதைத்தாள். பிறகு கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கிக் காட்டினாள். ஸ்பானியம் வாசுகிக்கு மட்டும்தான் தெரியும். ஸ்பிரிங்வேலில் அவளுடைய வகுப்புச் சிநேகிதி மார்சேலா சிலியிலிருந்து வந்தவள். அவளுடைய வீட்டில் கிடந்து படித்த பாஷை.

"என்னவாம் அவ?" ரஞ்சினி ஜன்னலால் கேட்டாள்.

வாசுகி தகப்பனைப் பார்த்தாள்.

"மேல குளிராம். சுவெற்றர் போடச் சொல்லுறா."

ஒன்பது அடித்தது. விக்னராஜா பெற்றோல் அடிக்கப் போனான். வரும்போது அன்னாசிப்பழம் வாங்கிவந்தான். ஒரு சாக்கு.

"இது ஆருக்கு?"

"சிறிதரனுக்கு. கார் தந்தவனுக்கு வெறுங்கையோட போறதே?"

"சான் ஹோசேயில அன்னாசி இல்லையே?"

"இது மலிவு."

அவள் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். வெள்ளை டட்சன். வலதுபக்கம் ஓடவேண்டிய நாடு. மெல்பேணில் இடதுபக்கம் ஓடிப் பழகிய விக்னராஜா, ஒவ்வொரு காலையும் முதல் வளைவில் பிழையான பக்கம் போவான். இன்றும் போனான்.

"வலம்!" என்றார்கள் தாயும் மகளும்.

"தெரியும்."

பாதை ஏறத் தொடங்கியது. முதலில் கோப்பி. பிறகு மாட்டுப்புல். பிறகு பாசி பிடித்த மரங்கள். வெயில் ஒரு வளைவில் இருந்தது, அடுத்த வளைவில் இல்லை. பனிப்புகார் கண்ணாடியில் வந்து படிந்தது.

"இந்த மலைக்குப் பெயர் என்ன?" என்றாள் ரஞ்சினி.

"செர்ரோ தே லா முயெர்த்தே," என்றாள் வாசுகி.

"எண்டா?"

"பெரிய மலை."

விக்னராஜா கண்ணாடியில் மகளைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குச் சிறிதரன் சொல்லியிருந்தான். சாவு மலை.

ரஞ்சினி மடியில் பாடக்குறிப்புகளை வைத்திருந்தாள். வாசிக்கவில்லை. ஒவ்வொரு லொறிக்குப் பின்னாலும் அவன் பொறுமையாகப் போனான். முந்தவில்லை. வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். நிறுத்தினான்.

"ஒரு வாய் சூடாக் குடிச்சா நல்லம்தானே, ரஞ்சி."

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"நீர் குடிக்க வேண்டாம். நான் குடிக்கிறன்."

அவன் குடித்து முடிக்கும்வரை அவள் காருக்குள் இருந்தாள்.

*

உச்சிக்குக் கொஞ்சம் முந்திய வளைவில் வாகனங்கள் நின்றன. லொறிகள், ஒரு பஸ், ஒரு ஜீப். ஆட்கள் வெளியே நின்று சிகரெட் பிடித்தார்கள். எவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ரஞ்சினி அதைக் கவனித்தாள். அவசரப்படுகிறவன்தான் ஹோர்ன் அடிப்பான். இவர்கள் நம்பிக்கையை விட்டுவிட்டவர்கள்.

மூவரும் நடந்து போய்ப் பார்த்தார்கள்.

வீதி இருந்த இடத்தில் வீதி இல்லை. மலையின் ஒரு துண்டு சரிந்து, குறுக்கே கிடந்து, மறுபக்கப் பள்ளத்துக்குள் வழிந்திருந்தது. செம்மண், வேர், ஒரு முழு மரம். அகலம் அரைக் கிரிக்கெட் மைதானம் வரும். அதற்கு அப்பால் புகாருக்குள் வேறு வாகனங்களின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட வீதிப் பணியாள் ஒருவன் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். வாசுகி அவனிடம் கேட்டாள். அவன் நீளமாகப் பதில் சொன்னான்.

"என்னவாம்?"

"புல்டோசர் வரவேணுமாம்."

"எப்ப வரும்?"

"நாளைக்கு. மே பி."

"எப்ப விழுந்ததாம்?"

வாசுகி தயங்கினாள். "கொஞ்சம் முந்தி. அரை மணித்தியாலம் இருக்குமாம்."

ரஞ்சினி வீதியோரக் கல்லில் இருந்துவிட்டாள். அரை மணித்தியாலம். அன்னாசிப்பழத்தைக் கழித்தால் போதும். தேத்தண்ணியைக் கழித்தால் போதும். ஏழரைக்கே வெளிக்கிட்டிருந்தால் இப்போது சான் ஹோசேக்குக் கிட்ட நின்றிருப்பார்கள்.

விக்னராஜா பக்கத்தில் வந்து நின்றான். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தான்.

"என்ன செய்யிறது. இயற்கை."

"இயற்கையோ?"

"நீர்தானே ராகுகாலம் எண்டீர்."

சொன்னவள் அவள்தான். அதுதான் அவளை எரித்தது. தன்மேல் வரும் கோபத்தை எவர்மேல் போடுவது?

"நாளைக்குப் பாதை திறந்த உடனே போவம்," என்றான். "பிளேனை மாத்தலாம்."

"அடுத்த பிளேன் வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை போவம்."

"பரீட்சை வெள்ளிக்கிழமை. நாங்கள் போய் இறங்கப் பரீட்சை முடிஞ்சிருக்கும்."

"அடுத்த வருஷமும் வைப்பாங்கள்தானே, ரஞ்சி. சிட்னியிலயும் வைப்பாங்கள்."

எவ்வளவு சுகமாகச் சொல்கிறான் என்று அவள் பார்த்தாள். ஒரு கவலையும் இல்லாத முகம். வழித்துச் சுத்தமான முகம்.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து சனம் இறங்குவதைக் கண்டாள். மூட்டைகளோடு இறங்கினார்கள். ஒருத்தி கோழிக்கூடை வைத்திருந்தாள். ஒருவன் கிற்றார். வரிசையாக மண்சரிவை நோக்கிப் போனார்கள். சேற்றின்மேல் பலகைகள் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். மறுபக்கத்திலிருந்தும் ஆட்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது? கேள்," என்றாள் மகளிடம்.

வாசுகி ஓடிப்போய்க் கேட்டுவந்தாள். "அங்கால சான் ஹோசே பஸ் நிக்குதாம். இந்த பஸ்ஸில வந்த ஆக்கள் நடந்து போய் அதில ஏறுவினமாம். அந்த பஸ் ஆக்கள் இதில ஏறுவினமாம். எப்பவும் இப்பிடித்தான் செய்யிறதாம்."

ரஞ்சினி எழும்பினாள்.

"பெட்டியை எடு. சின்னன் ஒண்டு காணும்."

"எங்க போறீர்?" என்றான் விக்னராஜா.

"பஸ்ஸுக்கு. பாஸ்போட்டைத் தாங்கோ."

"பாஸ்போட் ஒண்டுதானே இருக்கு."

"அந்த ஒண்டைத் தாங்கோ."

"முதல் பக்கத்தில ஆர்ர படம்?"

அவனுடைய படம். கொழும்பில் எடுத்த பாஸ்போட். அவனுடைய பெயரில். உள்ளே மனைவி என்ற இடத்தில் அவளுடைய படம், பிள்ளை என்ற இடத்தில் வாசுகியின் பெயர். அவன் இல்லாமல் அது செல்லாது. வரும்போது லொஸ் ஏஞ்சல்ஸில் அவன் கழிப்பறைக்குப் போன நேரம், அதிகாரி அவளையும் மகளையும் ஒரு ஓரமாக நிறுத்திவைத்தான். ஆள் வரட்டும் என்றான். விக்னராஜா வந்து அதைக் கேட்டுச் சிரித்தான்.

"அப்ப நீங்களும் வாங்கோ," என்றாள்.

"கார்?"

"பூட்டிப்போட்டு வாங்கோ. இவ்வளவு லொறிக்காரர் நிக்கினம். ஆரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்."

"மற்றவன்ர கார், ரஞ்சி. மலையில விட்டிட்டுப் போனா நாளைக்கு ரயரும் இருக்காது. சிறிதரனுக்கு நான் எந்த முகத்தோட..."

"சிறிதரன் அண்ணைக்கு நான் சொல்லுறன்."

"நீர் சொல்லுவீர்."

"என்னப்பா." அவளுடைய குரல் இறங்கியது. "நான் இன்னும் எத்தினை வருஷம் பெட்டி ஒட்டுறது?"

விக்னராஜா மண்சரிவைப் பார்த்தான்.

"நான் போய்ப் பஸ்ஸில இடம் பிடிக்கிறன்," என்றாள். "காரை ஓரமா விட்டுப் பூட்டிப்போட்டு வாங்கோ. வருவீங்கள்தானே?"

"ம்," என்றான்.

*

சேலைக் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். செருப்பைக் கையில் எடுத்தாள். பலகை வழுக்கியது. ஒரு இடத்தில் பலகையே இல்லை. முழங்கால்வரை சேறு. பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. முன்னால் போன கோழிக்காரி திரும்பிக் கையை நீட்டினாள். ரஞ்சினி பிடித்துக்கொண்டாள். பின்னால் வாசுகி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மார்சேலாட்டைச் சொன்னா நம்பமாட்டாள்," என்றாள்.

மறுபக்கப் பஸ்ஸில் மூன்று இடம் பிடித்தார்கள். ரஞ்சினி தனக்குப் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்தாள். சாரதி தடித்த மனிதன். கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ் நிறைந்தவுடன் எடுப்பேன் என்று வாசுகியிடம் சொன்னான்.

பஸ் நிறைந்துகொண்டே வந்தது. ஒருவன் பெட்டியைக் காட்டிக் கேட்டான். ஆள் வருகிறது என்று வாசுகி சொன்னாள். இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கும் சொன்னாள்.

மழை தொடங்கியது.

"எல்லாம் என்னாலதான்," என்றாள் ரஞ்சினி. கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒன்பது மட்டும் இருப்பம் எண்டது நான். அவரில பிழை இல்லை."

வாசுகி நகத்தைக் கடித்தாள்.

"அம்மா."

"என்ன?"

"அந்த ஹோட்டல் லேடி சுவெற்றரைப் பற்றிச் சொல்லேல்லை."

ரஞ்சினி திரும்பினாள்.

"இரவு முழுக்க மேல மழையாம். மண் இளகிப்போய் இருக்காம். இப்பவே வெளிக்கிட்டா போகலாம், பிந்தினா நிச்சயமில்லை எண்டு சொன்னா. ரெண்டு தரம் சொன்னா. நான் அப்பாவுக்கு அப்பிடியே சொன்னனான்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"'அம்மாட்டைச் சொல்லாதை, அவ நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறா, வீணாப் பயப்பிடுவா' எண்டார்." மறுபடி நகத்தைக் கடித்தாள். "ஐ தோட் ஹி வோஸ் பீயிங் நைஸ். நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சனான். பிறகு அன்னாசிக்கு நிண்டார். தேத்தண்ணிக்கு நிண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். ஐ'ம் சொறி, அம்மா."

ரஞ்சினி அந்தச் சவரத்தை நினைத்தாள். 'அதுவும் சரிதான்' என்றதை நினைத்தாள். பதினாறு வருஷம் ராகுகாலத்துக்குச் சிரித்தவன்.

ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒன்றையும் தடுக்கவில்லை. அவளுடைய நம்பிக்கையை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றிருக்கிறான்.

பஸ் வாசலில் மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் ஏறினான். சனத்தைப் பார்த்தான். சேலையைக் கண்டதும் நேரே வந்தான். கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் பையில் சுற்றிய ஒன்றை எடுத்து ரஞ்சினியிடம் கொடுத்தான். ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனான்.

பாஸ்போட். மூன்று விமான ரிக்கெற். மூன்றாவதில் அவனுடைய பெயர்.

"என்ன சொன்னவன்?" என்றாள்.

வாசுகி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

"'உங்கட புருஷன் தந்துவிட்டவர். இங்கிலிஷ் தெரிஞ்ச லொறிக்காரன் ஒருத்தனைக் கொண்டு சொன்னவராம். அவர் காரோட நிக்கப்போறாராம். நீங்கள் கேட்டதெல்லாம் இதுக்குள்ள இருக்காம். நல்ல பயணமாம்.'"

ரஞ்சினி முதல் பக்கத்தைத் திறந்தாள். கொழும்பு ஸ்ரூடியோவில் எடுத்த முகம். இன்னும் தலைமயிர் நிறைய இருந்த காலம். அமைதியான கண்கள்.

நாளைக்குச் சிறிதரனிடம் சொல்வான். ஊருக்கு எழுதுவான். நான் தடுக்கேல்லை, பாஸ்போட்டையும் குடுத்துத்தான் விட்டனான் என்பான். எல்லோரும் நம்புவார்கள். அது உண்மையும்தான்.

சாரதி துணியை மடித்து வைத்தான். என்ஜின் உறுமியது.

ரஞ்சினி எழும்பினாள். செருப்பை இருக்கைக்குக் கீழே தள்ளினாள்.

"அம்மா, எங்க? பஸ் போகப்போகுது!"

"போகாமப் பார்," என்றாள்.

*

கயிற்றில் இப்போது அவள் மட்டும்தான். மழைக்குள் மண் மெதுவாக நகர்கிற சத்தம் கேட்டது. பணியாட்கள் கத்தினார்கள். வா என்கிறார்களா, போ என்கிறார்களா என்று தெரியவில்லை. நடுவில் ஒருமுறை விழுந்தாள். பாஸ்போட்டைப் பிடித்த கையை மட்டும் மேலே வைத்துக்கொண்டாள்.

விக்னராஜா காருக்குள் இருந்தான். கண்ணாடியெல்லாம் ஆவி. மடியில் பேனாக்கத்தியும் பாதி சீவிய அன்னாசியும்.

அவள் கதவைத் திறந்தாள்.

"ஐயோ, என்ன இது கோலம்? ஏறும், ஏறும், நனையாதையும்."

"நல்ல பயணமோ?"

"நீர் கேட்டதைத்தானே தந்துவிட்டனான்."

"காலமை அந்த மனிசி என்ன சொன்னவ?"

அவன் கத்தியை மடக்கினான்.

"பிள்ளை சொல்லிப்போட்டாளோ."

"பிள்ளை சொன்னாள். நீங்கள் சொல்லேல்லை."

"நீர் பயப்பிடுவீர் எண்டுதான்... ரஞ்சி, கார்..."

"காரைப் பற்றிக் கதைக்காதேங்கோ. காரைப் பற்றி நான் கேக்கேல்லை." மழை அவளுடைய முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. "நான் இந்தப் பரீட்சை எழுதுறது உங்களுக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லுங்கோ."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"சொல்லேல்லை. ஒரு நாளும் சொல்லேல்லை. இப்ப ஒருக்காச் சொல்லுங்கோ. 'போகாதையும்' எண்டு. அவ்வளவும் போதும். சொன்னா, ஏறி உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறன். சிட்னிக்கும் வாறன். வாய் திறக்கமாட்டன்."

அவன் முன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"எனக்கு இனி இப்பிடியொரு வேலை வராது, ரஞ்சி."

"எனக்கு ஒண்டுமே வரேல்லை."

"ஒரு வீட்டில ரெண்டு ஊரில வேலை செய்யிறதே?"

"அதைக் கதைச்சிருக்கலாம். கடற்கரையில கதைச்சிருக்கலாம். இப்ப நான் கேட்டதைச் சொல்லுங்கோ."

அவனுடைய உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். அவன் சொன்னால் ஏறியிருப்பாள். அதை நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது.

மறுபக்கத்தில் ஹோர்ன் அடித்தது.

அடித்தது நிற்கவில்லை. நீளமாக, கோபமாக, மலை முழுக்க எதிரொலித்தது. சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற லொறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன் கைகாட்டினான்.

ரஞ்சினி திரும்பினாள். விக்னராஜா கையால் கண்ணாடியைத் துடைத்தான்.

சேற்றுக்கு அப்பால், மழைக்குள், பஸ்ஸின் இரண்டு வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெலிந்த உருவம். கைகளை அகல விரித்து, பஸ்ஸின் முகத்துக்கு நேரே நின்றது. பஸ் ஒரு அடி முன்னுக்கு வந்தது. உருவம் அசையவில்லை.

"அது வாசுகி," என்றான் விக்னராஜா. "என்ன செய்யிறாள் அவள்?"

"நான் சொன்னதைச் செய்யிறாள்."

"விசரே அவளுக்கு? அடிச்சுப்போட்டால்?"

அன்னாசி மடியிலிருந்து உருண்டது. அவன் இறங்கினான். சப்பாத்தோடு சேற்றுக்குள் காலை வைத்தான். கயிற்றைப் பிடித்தான். "வாசுகி! எடி பிள்ளை!" என்று கத்திக்கொண்டு போனான். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரஞ்சினி பின்னால் நடந்தாள். அவன் போவது பஸ்ஸில் ஏறவா, மகளை இழுத்துக்கொண்டு திரும்பி வரவா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திராது.

பாஸ்போட்டை இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காரை அவன் பூட்டவில்லை. அவள் நினைவுபடுத்தவில்லை.